செத்த கரும்புகளின் கணக்கு

அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் கரும்பு எண்ணும் வேலை ஒரே ஒருத்திக்குத்தான். பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளைவிடப் பத்து வயது மூத்த காவல்காரர் உட்பட எல்லோருக்கும் அவள் கணக்கக்கா. பதினோரு வருஷமாக எண்ணுகிறாள். அவள் எண்ணிவிட்டு வந்த பாத்தியை இன்னொருவர் போய்ச் சரிபார்த்ததாகச் சரித்திரம் கிடையாது. "கணக்கக்கா எழுதினா எழுதினதுதான்" என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போது அவள் ஒன்றும் கேட்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்து போகும்.

இந்த வருஷம் சோதனையில் இருபத்து நான்கு ரகங்கள். தண்ணீர் இல்லாமல் எது தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். நான்காம் மாதம் பம்பை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு கரும்பின் பாடு, வெயிலின் பாடு. ஒவ்வொரு ரகமும் வயலில் மூன்று வேறு வேறு இடங்களில், சீட்டுக் குலுக்கிப் போட்ட இடங்களில் நிற்கும். ஓரிடத்து மண் கொஞ்சம் ஈரமாக இருந்து ஏமாற்றிவிடக் கூடாதல்லவா, அதற்காக. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணக்கக்கா எழுபத்திரண்டு பாத்தியையும் சுற்றி வந்து படிவத்தை நிரப்பிக் கொடுப்பாள். படிவத்தில் மூன்று கட்டங்கள்: மொத்தம், உயிருள்ளவை, இறந்தவை.

ரகங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் வெறும் எண்ணோடு மனுஷர்கள் எத்தனை மாதம் குப்பை கொட்ட முடியும்? கடப்பாரைபோல் விறைத்து நிற்கும் ஆறாம் எண்ணை 'இரும்பு' என்றார்கள். காற்றடித்தால் பக்கத்துப் பாத்திமேல் சாயும் பத்தொன்பதை 'ஓசிச் சவாரி' என்றார்கள். ஊதா மினுமினுப்போடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் பதினான்குக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது அவள் மூளையைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தான்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் வயலைப் பார்த்தால் பாதி ரகங்கள் தோகையைச் சுருட்டிக்கொண்டு ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாக நிற்கும். தண்ணீரை விடாமல் பிடித்து வைக்க அவை செய்யும் வேலை அது. இரும்புகூட மதியத்தில் சுருண்டுவிடும். மாப்பிள்ளை மட்டும் இலையை விரித்து வைத்துக்கொண்டு, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன்போல் நிற்பான். இலைக்கு மதிப்பெண் போடும் தாளில் அவனுக்குத்தான் முதலிடம். ஆனால் எண்ணிக்கைத் தாளில் அவன் மளமளவென்று செத்துக்கொண்டிருந்தான். மூன்று பாத்தியிலும் சேர்த்து இருநூற்றுப் பத்தாக இருந்தவன், இருநூறாகி, நூற்று எண்பத்து மூன்றாகி, கடைசி எண்ணிக்கையில் நூற்று ஐம்பத்தெட்டில் வந்து நின்றான். முகத்தில் வாட்டமே இல்லாமல் ஒருத்தன் எப்படிச் சாகிறான்? அவளுக்கு விளங்கவில்லை.

விளங்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே பிழைத்த ரகம் எதுவானாலும் சோதனையிலிருந்து நீக்கம். அது சட்டம். மாப்பிள்ளை எழுபத்தைந்துக்கு வந்துவிட்டான். வியாழக்கிழமை தேர்வுக் கூட்டம். புள்ளிவிவர மேடம் நீக்கப் பட்டியலைத் தட்டச்சுக்குக் கொடுத்தாயிற்று என்றார். நீக்கம் என்றால் சும்மா ஓரமாக வைப்பது இல்லை. மறுநாளே அரிவாள் இறங்கும், வேரோடு கிளறிப் போடுவார்கள், ஒரு கரணைகூட விதைக்கு மிஞ்சாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ இரண்டு பூக்களைச் சேர்த்து உண்டாக்கிய ஒரு உயிர், உலகத்தில் இந்த மூன்று பாத்தியில் மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கேயும் இருக்காது.

இலை மதிப்பெண்ணையும் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் மேடத்திடம் காட்டினாள். மேடம் பொறுமைசாலி. மூன்று பாத்தியிலும் ஒரே மாதிரி குறைந்திருக்கிறதே, ஒன்றில் மட்டும் என்றால் எலி, பூச்சி என்று சந்தேகப்படலாம், மூன்றும் ஒத்துப்போனால் அது ரகத்தின் குணம்தான் என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டாம் எண்ணும் இப்படித்தான், இலை பிரமாதம், எண்ணிக்கை பாதாளம், நீக்கிவிட்டோம் என்று நினைவுபடுத்தினார். அதோடு, "உங்க எண்ணிக்கையை நீங்களே சந்தேகப்பட்டா எப்படிக்கா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளோடு வீடு வரைக்கும் நடந்து வந்தது.

வீட்டில் புருஷன் தையல் மேசையில் துணியை விரித்து வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டின் முன் அறைதான் அவர் கடை. கரும்பு விஷயத்தில் அவருக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் அவள் பேசினால் காது கொடுப்பார், கை பாட்டுக்கு வேலை செய்யும். சாப்பாட்டைக்கூட எடுத்து வைக்காமல் அவள் மாப்பிள்ளையின் கதையை முழுவதும் சொல்லி முடித்தாள். அவர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தார்.

"துணி அளவு குறைஞ்சா நான் முதல்ல ஓரத்தைத்தான் பார்ப்பேன். நைஞ்சு போயிருந்தா பிசிறு இருக்கும். கத்தரிச்சிருந்தா ஓரம் நறுக்குனு இருக்கும். செத்த கரும்போட ஓரம் எப்படி இருந்துச்சு?"

செத்த கரும்பின் ஓரம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஏனென்றால் மாப்பிள்ளையின் செத்த கரும்பு ஒன்றைக்கூட அவள் பார்த்ததே இல்லை.

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு தூரிலும் மண்டி போட்டு, உதிர்ந்த இலைச் சோகையை விலக்கி, காய்ந்து போனவற்றைத் தொட்டு எண்ணினாள். இலை விளிம்பு கையைக் கீறியது, சுணை உடம்பெல்லாம் அரித்தது, ஒரு சுற்று முடிக்க நான்கு நாள் பிடித்தது. பிறகு ஒருநாள் மூளை வேலை செய்தது. மொத்தம் தெரியும். நிற்பதை எண்ணியாயிற்று. மீதி எல்லாம் செத்ததுதானே? கழித்து எழுதினால் போதாதா? எழுதினாள். ஒருவரும் கேட்கவில்லை. நான்கு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது, வேகமும் துல்லியமும் என்று பாராட்டும் வந்தது. அதன் பிறகு பதினோரு வருஷமாக 'இறந்தவை' என்ற கட்டத்தில் அவள் எழுதியது எல்லாமே கழித்தல். காணாமல் போனது எதுவோ அது செத்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் பதினான்காம் எண் பலகைக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள். முழங்கால் மடக்கென்றது. உதிர்ந்த சோகை கணுக்கால் அளவுக்கு மெத்தையாகக் கிடந்தது. அதை வாரி ஒதுக்கினாள். முதல் தூரிலேயே ஒரு அடிக்கட்டை, மண்ணோடு மண்ணாக, விரல் நீளம். தலை சாய்வாக, வழவழவென்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் கணுவிலிருந்து, நான்கு மாதமாகத் தண்ணீர் காணாத அந்த மண்ணில், பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா" என்றாள் கணக்கக்கா, வாய்விட்டு.

செத்தது முளைக்குமா? அவளுக்கு வேர்த்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மூன்று பாத்தியையும் அங்குலம் அங்குலமாகத் துழாவினாள். ஒவ்வொரு கட்டையின் மேலும் சோகையை இழுத்து மூடியிருந்தார்கள், பக்குவமாக. எல்லாமே நடைபாதையை ஒட்டிய வரிசைகளில். உள்ளே புகுந்தால் சோகை நொறுங்கும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் பாதையில் நின்றபடியே குனிந்து வெட்டியிருக்கிறார்கள். நாற்பத்தொன்று. நிஜமாகவே காய்ந்து, பொறுக்குத் தட்டி, தொட்டால் உதிரும்படிச் செத்துக் கிடந்தவை பதினொன்றே பதினொன்று. நாற்பத்தொன்றும் பதினொன்றும் ஐம்பத்திரண்டு. கழித்தல் தப்பவில்லை. தப்பியது வேறு.

அங்கேயே உட்கார்ந்து படிவத்தின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். வெட்டியதும் உயிரோடு இருந்ததுதானே. அப்படியானால் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலே முக்கால். இரும்பே தொண்ணூற்றொன்றுதான். வயலிலேயே மிகக் குறைவாகச் செத்த ரகம் மாப்பிள்ளைதான், அவனைத்தான் நாளை மறுநாள் அதிகம் செத்தவன் என்று ஒழிக்கப் போகிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவளுக்கு அது ஒரு வியாதி, கண்ணில் பட்டால் விடாது. முப்பத்தெட்டுக் கட்டைகள் அரிவாள் வெட்டு, சாய்வு ஒரே பக்கம். மூன்று மட்டும் பேனாக்கத்தியால் பொறுமையாக அறுத்த மாதிரி. அந்த மூன்றின் சாய்வும் எதிர்ப்பக்கம். யாரோ இடது கைக்காரர்.

முதலில் அவள் போனது பம்புக் கொட்டகைக்கு. பம்பை ஓட்டாமல் வைத்திருப்பதற்காகவே அங்கே ஒரு பம்புக்காரன் இருந்தான். அவளைவிட நான்கைந்து வயது இளையவன், அவளை வாய் நிறைய அக்கா என்பான். கொட்டகைக்குப் பின்புறம் மென்று துப்பிய சக்கை ஒரு குட்டிக் குன்றாகக் கிடந்தது. அதை இத்தனை நாள் அவள் மாட்டுத் தீவனம் என்று நினைத்திருந்தாள்.

அவன் மழுப்பிப் பார்த்தான். எலி என்றான். எலி எப்போதிலிருந்து அரிவாள் பிடிக்கிறது என்று அவள் கேட்டதும் அடங்கினான். பேர் வெளியே வராது, எண்ணிக்கை மட்டும் வேண்டும், எண்ணிக்கை சரியாக வந்தால்தான் மாப்பிள்ளை பிழைப்பான் என்று அவள் எடுத்துச் சொன்னாள். புது டைரக்டர் வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த வாரமே வாசலில் பலகை அடித்து வைத்திருந்தார்: சோதனைக் கரும்பில் கை வைப்பவர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார். பம்புக்காரன் அந்தப் பலகை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஆறாம் மாசமே இனிச்சுதுக்கா. மத்ததெல்லாம் அப்போ வெறும் தண்ணி. நான் சத்தியமா வாரத்துக்கு ஒண்ணுதான். ஒண்ணு போனா என்ன ஆகிடப் போகுதுன்னு."

இனிப்பு அளக்கும் மீட்டர் பத்தாம் மாதம்தான் ஆய்வுக்கூடத்தின் பெட்டியிலிருந்து வெளியே வரும். நாக்குக்கு அப்படி மாதக் கணக்கு ஏதும் இல்லை. இருபத்து நான்கு ரகத்தையும் இவர்கள் ஆறாம் மாதமே சுவைத்துப் பார்த்து, தரம் பிரித்து, முதல் பரிசும் கொடுத்து முடித்துவிட்டிருந்தார்கள். பரிசு வாங்கியவனைத்தான் மூன்று பாத்தியிலும் தேடித் தேடித் தின்றிருக்கிறார்கள். 'மாப்பிள்ளையைப் பார்த்துட்டு வரேன்' என்று இவர்கள் ஆளாளுக்குக் கிளம்பியதன் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கறையாகப் போய்ப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

பம்புக்காரன் பதினொன்று என்றான். டிராக்டர் ஓட்டுபவர் தலையைச் சொறிந்து ஒன்பது என்றார். களையெடுக்கும் பெண்கள் நான்கு பேர், ஆளுக்கு ஒன்று. அதில் மூத்தவள், எங்களை ஏன் கேட்கிறாய், காவல்காரரைக் கேள் என்றாள். காவல்காரர் வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். கரும்பு திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கடைசியில் பதினான்கு என்றார். ரகமும் பதினான்கு, எண்ணிக்கையும் பதினான்கா, விளையாடுகிறாரா என்று அவள் முறைத்தாள். அது அப்படி அமைந்துவிட்டது என்று பணிவாகச் சொன்னார்.

கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டு. மூன்று இடித்தது. எல்லோரும் தனித்தனியாகச் சத்தியம் செய்தார்கள். யாருக்கும் இடது கைப் பழக்கமும் இல்லை. அன்று மதியம் முழுவதும் அவள் ஒவ்வொருவர் தண்ணீர் குடிப்பதையும், பீடி பற்ற வைப்பதையும், தலை வாருவதையும் கவனித்துக்கொண்டே திரிந்தாள். எல்லாம் வலது கை.

அப்போதுதான் பம்புக்காரன் மெதுவாக வந்து, அவன் கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றான். ஆறாம் மாதக் கடைசியில் ஒருநாள், தலைவலி என்று கொட்டகையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒரு கரும்பில் பாதியை ஒடித்துக் கொடுத்தானே, ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் வந்தது. வெளியே வாங்கியது என்றுதான் நினைத்தாள். இல்லை, நினைக்க முயற்சி செய்தாள். வெளியே அந்தப் பருவத்தில் கரும்பு ஏது? அவள் அவனுடைய பதினொன்றை அடித்துப் பத்தரை என்று எழுதி, கீழே அரை என்று தனியாக ஒரு வரி எழுதினாள்.

புதன்கிழமை ராத்திரிவரை இழுக்காமல் அன்று மாலையே முடிவு செய்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள், முடியவில்லை. அடிக்கட்டையைப் பற்றிச் சொன்னால், இதுவரை ஏன் அது கண்ணில் படவில்லை என்று கேட்பார்கள். கழித்தல் வெளியே வரும். பதினான்குக்கு மட்டும்தானா என்று கேட்பார்கள். எழுபத்திரண்டு பாத்திக்கும், பதினோரு வருஷத்துக்கும் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவளிடம் வேறு படிப்பு இல்லை, பட்டம் இல்லை. எண்ணிக்கை தப்பாதவள் என்ற பேர் ஒன்றுதான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் பேர் பத்திரமாக இருக்கும், ஒரு கரும்பு மட்டும் இல்லாமல் போகும். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பச்சை முளை கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்றது.

புருஷனிடம் சொன்னாள். அவர் கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள அவளுடைய நல்ல ரவிக்கையின் பிரிந்த தையலை எடுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கூட்டங்களுக்கு வயல்காரர்களை யாரும் கூப்பிடுவதில்லை. புள்ளிவிவர மேடம் தயங்கித் தயங்கி ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினார். நீள மேசை, தலைமாட்டில் டைரக்டர். அவரை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. விடியற்காலையில் தொப்பி போட்டுக்கொண்டு தனியாக வயலைச் சுற்றுவார், எதிரே வருகிறவர்களுக்குத் தலையசைப்பார், அவ்வளவுதான் தெரியும். சர்க்கரை வியாதி என்று அவர் தேநீருக்குத் தனிக் கோப்பை. இப்போதும் எதிரே அந்தக் கோப்பை இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, சொல்லுங்கம்மா என்றார்.

சொன்னாள். ஒப்பிக்கிற மாதிரி வேகமாகச் சொன்னாள். வேகத்தைக் குறைத்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. நாற்பத்தொரு அடிக்கட்டை, வெட்டியது இனிப்புக்காக, பதினொரு சாவு, முளை. ஆளுக்கு எத்தனை என்று, பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் எழுதிய தாளை மேசையில் வைத்தாள்.

டைரக்டர் தாளைப் படித்தார். இனிப்பாக இருந்ததால் வெட்டினார்கள், சரி, இனிப்பு வறட்சி தாங்கியதற்கு அத்தாட்சி ஆகாதே என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. இனிப்பைப் பற்றித் தனக்குத் தெரியாது, எத்தனை செத்தது என்பதுதான் தன் வேலை என்றாள் அவள். அப்படியானால் செத்தது ஐம்பத்திரண்டு என்று இதுவரை எப்படி எழுதினீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அது வரும் என்று தெரிந்தேதான் வந்திருந்தாள்.

"கழிச்சு எழுதினேன் சார். நிக்கறதை எண்ணுவேன், மீதியைச் செத்ததுன்னு போட்டுடுவேன். பதினாலுக்கு மட்டும் இல்ல. எல்லாத்துக்கும். நான் சேர்ந்த மூணாம் மாசத்துலேருந்து இப்படித்தான்."

மேடம் குனிந்துகொண்டார். பதினோரு வருஷத்துப் பேர் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. போனதும், ஆச்சரியம், அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

டைரக்டர் தாளை இன்னொருமுறை பார்த்தார். "இதுல ஒரு அரை இருக்கே."

"அந்த அரை நான்தான் சார்."

யாரோ ஒருவர் இருமலைப் போட்டுச் சிரிப்பை விழுங்கினார். டைரக்டர் சிரிக்கவில்லை. கூட்டினால் முப்பத்தெட்டுத்தானே வருகிறது என்றார். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் அவளுக்கு இடம் பொருள் எல்லாம் மறந்துவிடும். அந்த மூன்றுதான் தன்னைத் தூங்கவிடவில்லை என்றும், மற்றதெல்லாம் அரிவாள், இந்த மூன்றும் பேனாக்கத்தி என்றும், சாய்வு மாறியிருப்பதால் வெட்டியவர் கண்டிப்பாக இடது கைக்காரர் என்றும், நம் ஆட்களில் அப்படி ஒருவரும் இல்லை, எல்லோர் கையையும் பார்த்துவிட்டேன் என்றும் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடிக்கும்போதுதான் டைரக்டர் பேனாவின் மூடியைத் திருகுவதைப் பார்த்தாள். பேனா இடது கையில் இருந்தது.

மேசையைச் சுற்றியிருந்த கண்கள் ஒவ்வொன்றாக அந்தக் கைக்குப் போய், அங்கே நிற்கத் துணியாமல் சுவருக்குப் போயின.

டைரக்டர் தாளின் கடைசியில், அரைக்குக் கீழே, மூன்று என்று எழுதினார். கோடு போட்டு நாற்பத்தொன்று என்று கூட்டினார்.

"நல்ல ரகம், பாவம் சாகுதேன்னு நினைச்சேம்மா. சாகறதுக்குள்ள இன்னொரு தடவை ருசி பார்ப்போம்னு வெட்டினேன்." பேனாவை மூடினார். "இது என் வீட்டுக்குத் தெரியக் கூடாது."

அன்று பட்டியலில் எதுவும் நீக்கப்படவில்லை. எழுபத்திரண்டு பாத்தியையும் மண்டி போட்டு மறுபடி எண்ண வேண்டும், அதுவரை கூட்டம் ஒத்திவைப்பு என்று முடிவானது. படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்று சேர்ந்தது. 'எடுக்கப்பட்டவை' என்று மேடம் கௌரவமாகப் பெயர் வைத்தார். யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்புவதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற சிக்கல் இருந்தது.

மறு எண்ணிக்கைக்கு ஐந்து நாள் ஆயிற்று. தின்றவர்கள் எல்லோரும் முழுக்கைச் சட்டையோடு வந்து சேர்ந்தார்கள். டிராக்டர்காரர் சோகையை வாரினார், களையெடுக்கும் பெண்கள் எண்ணினார்கள், ஒவ்வொரு பாத்தியையும் கணக்கக்கா இரண்டாம் முறை எண்ணிய பிறகே எழுதினாள். தன்னைச் சரிபார்க்கவும் ஆள் வைத்தாள். இரண்டு இடத்தில் அவள் எண்ணிக்கை தப்பியிருந்தது, காவல்காரர் கண்டுபிடித்தார். அவருக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. பதினான்காம் எண்ணுக்கு எதிரே, இறந்தவை என்ற கட்டத்தில், அவள் பதினொன்று என்று எழுதினாள். கையில் தொட்டுப் பார்த்து எண்ணிய பதினொன்று. மாப்பிள்ளை பிழைத்துவிட்டான். அடுத்த வருஷம் அவனுக்கு வயலில் பத்துப் பாத்தி.

கடைசி நாள் மதியம் பம்புக் கொட்டகையின் நிழலில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு, ஆளாளுக்குத் தாங்கள்தான் அவனை முதலில் கண்டுபிடித்ததாகச் சண்டை. கணக்கக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பின் நடுவில், எங்கிருந்தோ, மேடம் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்தது. இலை பிரமாதம், எண்ணிக்கை பாதாளம். அதற்கும் 'இறந்தவை' கட்டத்தை நிரப்பியது அவள்தான். அது வேரோடு போய் மூன்று வருஷம் ஆகிறது.

சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பம்புக்காரனைப் பார்த்தாள்.

"தம்பி, மூணு வருஷத்துக்கு முன்னால அந்த இருபத்திரண்டு இருந்துச்சே. அது எப்படி இருந்துச்சு?"

அவன் கையிலிருந்த தண்ணீரை மண்ணில் உதறினான்.

"அது இதைவிட நல்லா இருந்துச்சுக்கா."